ஒரு சவுக்காரத்துக்குத் தேய்த்த கார்ட்

என் கடைக்குக் கார்ட் மெசின் வந்தது எனக்கு அறிவு கூடியதால் அல்ல. வெட்கம் தாங்க முடியாமல்.

சண்டை முடிந்து ஒரு வருசம் இருக்கும். பாதை திறந்து, கொழும்பிலிருந்து கடல் பார்க்க வருகிற வாகனங்கள் எங்கள் ரோட்டில் நிற்கத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என் பலசரக்குக் கடைக்குள் வந்தாள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், கச்சான் கடலை, பிள்ளைக்கு ஒரு தொப்பி என்று மேசை நிறைய அடுக்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

எங்கள் ஊரில் அத்தனை வருசமாக அட்டை என்றால் ஒன்றுதான். சோதனைச் சாவடியில் கேட்பார்கள், நீட்டுவோம், படத்தையும் முகத்தையும் பார்ப்பார்கள். நான் அவளுடைய அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். படம் இல்லை. பெரிய இடத்து ஆளாக்கும், படம் தேவைப்படாது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றிருக்கலாம். மரியாதைக்கு என் சட்டைப் பையிலிருந்து என்னுடைய அடையாள அட்டையையும் எடுத்து அவளுக்குக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். வாகனத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தான், நானே இரண்டு தடவை சிரித்திருக்கிறேன். ஆனால் பக்கத்து மருந்துக் கடைக்காரர் வந்து, அது காசு கொடுக்கிற கார்ட், டவுனில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் அதற்கு மெசின் இருக்கிறது என்று விளங்கப்படுத்தியபோது, எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்தக் கிழமையே வங்கிக்குப் போய் எனக்கும் ஒன்று வேண்டும் என்று சொன்னேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் எனக்குக் கதிரை போதாது என்று வாத்தியார் சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், சேற்றுக்குள் மாடு நடக்கிற வேகத்தில். இங்கிலீசு என்றால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரியும். அந்த மெசினோ முழு இங்கிலீசு.

வங்கியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி அதைக் கொண்டுவந்தான். எங்கள் வெயிலில் டை கட்டுகிறவனைக் கண்டால் எனக்குக் கழுத்தை அவிழ்த்துவிட வேண்டும் போல இருக்கும். அவன் மெசினை என் போன் லைனில் கொழுவிவிட்டுச் சொன்னான்.

"ஐயா, கார்ட்ட இந்த ஓடையில இப்பிடித் தேய்க்கணும். லைனால கொழும்புக்குப் போகும். அங்க சரி எண்டா ரெண்டு துண்டு வரும். ஒண்டில ஆள் கையெழுத்து வைக்கணும், அது உங்களுக்கு. மற்றது அவங்களுக்கு."

"கொழும்பில ஆரு தம்பி சரி எண்டு சொல்ற?"

"ஆள் இல்ல ஐயா, கம்பியூட்டர்."

"அதுக்கு என்னத் தெரியுமா?"

"உங்களத் தெரியத் தேவையில்ல. கார்ட்டத் தெரிஞ்சாச் சரி."

"அப்ப நல்லம். என்னத் தெரிஞ்சா விடாது."

இன்னும் மூன்று விசயம் சொன்னான். கார்ட்டின் சொந்தக்காரர் மட்டும்தான் அதைத் தேய்க்கலாம். பின்பக்கத்துக் கையெழுத்தும் துண்டில் வைக்கிற கையெழுத்தும் ஒன்றா என்று நான் பார்க்க வேண்டும். துண்டு வராமல் மெசின் கத்தி, ஒரு வரி எழுதிக் காட்டினால், ஒட்டியிருக்கிற நம்பருக்குப் போன் அடிக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் கையெழுத்தே கிழமைக்கு ஒரு மாதிரி வரும். நான் இன்னொருவர் கையெழுத்தைச் சோதிக்கிறதாம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடைக்குப் புதுச் சாமான் வந்தால் சந்தனம் வைக்காமல் எப்படி? ஆனால் மெசினுக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. கார்ட் தேய்க்கிற ஓடை, இரண்டு புருவத்துக்கு நடு மாதிரித் தெரிந்தது. தடிப்பாகப் பூசி, மேலே குங்குமமும் வைத்தேன். மூன்று நாள் அது ஒரு கார்ட்டையும் வாசிக்கவில்லை. டை கட்டின தம்பி திரும்பி வந்து ஈர்க்கிலால் கிண்டிக் கிண்டி எடுத்தான். "ஐயா, வைக்கிறது பிழையில்ல. கார்ட் போற வழியில வைக்காதீங்க" என்றான்.

என் மனுசி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். கடையில் எழுத்து வேலை முழுக்க அவளுடையது. நான் கல்லாவில் இருந்து பகிடி விடுவேன், அவள் பின்னால் இருந்து நடத்துவாள். அப்போது எங்கள் கடையும் வீடும் ஒன்றுதான், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த மணல் திட்டில். வாவி என்று படித்தவர்கள் சொல்கிறதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தயிர் முட்டி எடுக்க உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டைக்குள் நின்றேன். கடல் வந்தது எனக்குத் தெரியாது. முட்டிகளை ஓட்டோவில் அடுக்கிக்கொண்டு, ஒன்றும் உடையக் கூடாது என்று மெல்ல மெல்ல வந்தேன். வந்து பார்த்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு நாளைக்குப் பிறகு ஆற்றங்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் மனுசியைக் கண்டெடுத்தார்கள். பார்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது என் கால் போகவில்லை. மச்சாள்தான் போனாள். என் மனுசியின் பெரியம்மா மகள் அவள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அவளுடைய வீடும் போய்விட்டது, அவளும் மகனும் தென்னையைப் பிடித்துத் தப்பியிருந்தார்கள். மச்சாள் கால்விரல் மிஞ்சியைப் பார்த்து "இவதான்" என்று சொல்லி, தானே தண்ணீர் வார்த்து, உடுத்த சீலைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த இரண்டாவது சீலையை அவிழ்த்துப் போர்த்திவிட்டு வந்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய மகன் என்னைச் சித்தப்பா என்பான். நான் என்ன சொன்னாலும் சிரிப்பான், பகிடி முடிய முந்தியே.

சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரண நிறுவனம் ஒன்றில் அவனுக்கு ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் வங்கிக்குப் போகும். ஒரு கார்ட்டும் கொடுத்தார்கள். பிறகு அவனை வன்னிப் பக்கத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். போகும்போது கார்ட்டைத் தாயிடம் கொடுத்து, காசு எடுக்கிற இலக்கத்தையும் மனப்பாடமாக்கிவிட்டுப் போனான். சண்டை அங்கே இறுகியபோது உள்ளே மாட்டிக்கொண்டான். முடிந்த பிறகு முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நாங்கள் இரண்டு பேரும் தேடினோம். அவனைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் கண்ட இடம் மற்றவர் சொன்ன இடத்தோடு பொருந்தவில்லை. அரசாங்கக் கச்சேரியில் மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிக்காசு கிடைக்கும் என்று மச்சாளிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவள் அதை அவர்கள் மேசையிலேயே நாலாகக் கிழித்து வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது மெசினுக்கு வருகிறேன்.

மச்சாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டில் இருந்து இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தாள். ஒரு நாள் இடியப்பத் தட்டுக் கூடையோடு என் கடைக்கு வந்தவள், மெசினைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன மச்சான், இது கணக்கு மெசினா?"

"இல்ல மச்சாள், கார்ட்டுத் தேய்க்கிற. நான் இப்ப கொழும்போட நேர கதைக்கிற ஆள்."

"மகன்ட காட்டும் இதில போகுமா?"

"எந்தக் காட்டும் போகும். நான்தான் போகமாட்டன்."

அவள் சட்டைக்குள் இருந்து ஒரு பொலித்தீன் சுற்றை எடுத்துப் பிரித்தாள். கார்ட் புதுசு போல இருந்தது. அடுக்கிலிருந்து உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் ஒன்றை எடுத்து வைத்தாள். சொந்தக்காரர் மட்டும் என்று தம்பி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. தேய்த்தேன். மெசின் கொழும்புக்குக் 'கீ' என்று கத்தி, யோசித்து, துண்டைத் துப்பியது.

"இதில என்ன மச்சான் எழுதியிரிக்கி?"

"எல்லாம் இரிக்கி. கடைப் பேர், நாள், மகன்ட பேர்..."

சொல்லிவிட்டுத்தான் வாயைக் கடித்தேன். அவள் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அவன்ட பேரா? எங்க?"

எனக்கு எங்கே என்று தெரிந்தால்தானே. ஆனால் கொழும்போடு நேரே கதைக்கிற ஆள் நான். மேலே பெரிய எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தேன். "இந்தா." அவள் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மற்றத் துண்டில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். அவள் பேனாவைத் திருப்பித் தந்தாள். "அவன்ட காட்டு. அவன் வந்து வைக்கட்டும்." நான் கையெழுத்தில்லாத துண்டை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. துண்டைச் சாமிப் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறாள். விளக்குச் சூட்டில் அது கரியாகக் கறுத்துப்போய் ஒரு எழுத்தும் இல்லை.

"மச்சான், சாமி ஏதோ சொல்லுது" என்றாள்.

"சாமி ஒண்டும் சொல்லல்ல. இந்தக் கடதாசி அப்பிடித்தான், மை இல்ல, சூட்டுல எழுதுற. சூடு பட்டாக் கறுக்கும், சும்மா கிடந்தாலும் வெளுக்கும். என்டயும் எல்லாம் வெளுத்துப் போச்சு, பாருங்க." லாச்சியை இழுத்துக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தபிறகுதான் மூச்சு விட்டாள். இன்னொரு சவுக்காரம் எடுத்து வைத்தாள்.

அப்படித்தான் மாதம் ஒரு சவுக்காரம் என்று ஆனது. எழுத்து வெளுக்க வெளுக்க வருவாள். நான் ஒவ்வொரு தடவையும் அதே பெரிய வரியில் விரலை வைப்பேன். நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ அவள் என் விரலைத் தட்டிவிட்டாள்.

"எடு கைய. அது உன்ட கடைப் பேர்."

"ஆரு சொன்ன?"

"காட்டுல அவன்ட பேர் புடைச்சுக் கிடக்கு. அந்த எழுத்தும் இந்தக் கீழ் வரி எழுத்தும் ஒண்டு. நான் ஒவ்வொண்டாத் தடவிப் பொருத்திப் பாத்தன். இத்தன மாசமா உன்ட கடைப் பேரக் கண்ணில ஒத்த வச்சிட்டாய், படுபாவி."

"அதுக்கென்ன மச்சாள், என்ட கடையும் நல்லா வரட்டும்."

அவள் சிரித்தாள். சண்டை முடிந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு வெட்கத்திலும் ஒரு சந்தோசம்.

டை கட்டின தம்பி கடதாசி உருளை கொண்டுவந்தபோது என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஐயா, மாசத்துக்கு ஒரு சவுக்காரம்தான் உங்கட மெசின்ல போகுது. இப்பிடியெண்டா மேல இருக்கிறவங்க மெசினத் திருப்பி எடுக்கச் சொல்லுவாங்க."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வங்கி எனக்கும் ஒரு கார்ட் தந்திருந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் என் கடையிலேயே, என் மெசினிலேயே, என் கார்ட்டால் வாங்கத் தொடங்கினேன். என் அரிசியை எனக்கே விற்று, நடுவில் வங்கிக்கும் ஒரு பங்கு கொடுத்த வியாபாரி இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். அடுத்த தடவை வந்த தம்பி, "வியாபாரம் கூடியிருக்கு ஐயா" என்றான். "ஓம் தம்பி, ஒரு நல்ல வாடிக்கையாளர் பிடிபட்டிருக்கார். ஆள்தான் கொஞ்சம் மொக்கு" என்றேன்.

இப்படி ஒன்றரை வருசத்துக்கு மேல் போனது.

அன்றைக்கு ஆவணிப் பூரணை கழிந்து இரண்டு மூன்று நாள். புழுங்கிக்கொண்டிருந்தது. மச்சாள் வழக்கம் போலச் சவுக்காரத்தை எடுத்து வைத்தாள், நான் தேய்த்தேன். மெசின் யோசித்தது. துண்டு வரவில்லை. கத்திவிட்டு ஒரு வரி எழுதிக் காட்டியது. சட்டையில் துடைத்துத் திரும்பத் தேய்த்தேன். திரும்பவும் கத்தியது.

"என்ன மச்சான்?" என்றாள். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"லைன் பிழை. நில்லுங்க, கொழும்புக்கு அடிக்கிறன்."

ஒட்டியிருந்த நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒரு பெடியன் தமிழில் எடுத்தான். கார்ட் இலக்கத்தைக் கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, கார்ட்டுக்குச் சொந்தமானவர் பக்கத்தில இருக்கிறாரா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவன் கொழும்பில், நான் இங்கே. வாழ்நாள் முழுக்க வாயால் பிழைத்தவன் நான், வாடிக்கைக்காரருக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் அவ்வளவு பணிவாக ஐயா ஐயா என்றான். முழுதையும் சொன்னால் இரங்குவான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வியாபாரம் கதைதானே.

"அவர்ட அம்மா நிக்கிறா தம்பி. பெடியன் சண்டைக்குள்ள வன்னியில மாட்டினவன். இத்தன வருசமாத் தகவல் இல்ல. அந்த மனுசி காசுக்கில்ல, அந்தத் துண்டில பேரப் பாக்கத்தான் மாசம் ஒரு சவுக்காரம் வாங்குற. இந்த ஒருக்கா விடுங்க. ஒரு சவுக்காரம்தானே."

மறுபக்கம் திரும்பவும் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "நான் இதப் பதிஞ்சிட்டன் ஐயா. அந்தக் கார்ட்டத் திருப்பிக் குடுக்காதீங்க. ரெண்டா வெட்டி எங்களுக்கு அனுப்புங்க. அம்மாவுக்கு எங்கட ஆழ்ந்த அனுதாபம் எண்டு சொல்லிவிடுங்க."

"அனுதாபமா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

போனை வைத்தபோது மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆருக்காம் அனுதாபம்?"

"எனக்குத்தான் மச்சாள். என்ட யாவாரத்தக் கேட்டிட்டு."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். கத்தரிக்கோல் லாச்சிக்குள்தான் இருந்தது. நான் கார்ட்டை அவளுடைய கையில் வைத்தேன். அவள் அதைப் பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, சவுக்காரத்தைத் தானே கொண்டுபோய் அடுக்கில் எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்தில் அவளுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீசில். டை கட்டின தம்பி வருகிற நாளைப் பார்த்து அதை என் கடைக்குக் கொண்டுவந்தாள். தம்பி நின்றபடி வாசித்தான். பிறகு கதிரையை இழுத்து இருந்துகொண்டு இன்னொரு தடவை வாசித்தான்.

"அம்மா, கணக்கை நிப்பாட்டி வச்சிருக்கிறாங்க. மகன் நேரில வந்தா உடனே திறக்கலாம். இல்லாட்டி... மரணச் சான்றிதழ் கேக்கிறாங்க."

"அவன் செத்த எண்டு பேங்குக்கு ஆரு மனே சொன்ன?"

தம்பி கடிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "கடைக்காரர் போன்ல அறிவிச்சதன்படி எண்டு போட்டிருக்கு."

"நான் செத்த எண்டு சொல்லல்ல மச்சாள்" என்றேன். "தகவல் இல்ல எண்டுதான் சொன்ன."

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, கோபம் கூட இல்லாமல், "கச்சேரியில எத்தன பேர் கேட்டும் நான் குடுக்காதத நீ ஒரு போன்ல குடுத்திட்டாய்" என்றாள்.

அவள் போன பிறகு நான் தம்பியிடம் கேட்டேன், மெசின் ஏன் அன்றைக்குக் கத்தியது, கார்ட்டில் என்ன பிழை என்று.

"பிழை ஒண்டுமில்ல ஐயா. ஒவ்வொரு கார்ட்டுக்கும் ஒரு முடிவுத் திகதி இருக்கு. அது முடிஞ்சிட்டுது. சும்மா விட்டிருந்தா, கொஞ்ச நாளில புதுக் கார்ட் வீட்டு விலாசத்துக்குத் தபாலில வந்திருக்கும்."

"அதிலயும் பேர் இரிக்குமா?"

"ஓம். அதே பேர்தான்."

அந்தத் தம்பி நல்லவன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கடதாசி உருளையை மாற்றிவிட்டுப் போனான். நான் அன்றைக்குக் கடையைப் பகலிலேயே பூட்டினேன். என் அரிசியை நானே தேய்த்து வாங்குகிற வேலையையும் அன்றோடு விட்டேன். பிறகு மெசினை அவர்கள் எடுக்கவில்லை, அதற்குள் ஊர்ச் சனத்துக்கும் கார்ட் பழகிவிட்டது. ஆசிரியர்மார் பால்மா வாங்கித் தேய்த்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஐஸ்கிறீமுக்குத் தேய்த்தார்கள். எல்லோரும் துண்டைக் கசக்கி என் வாசலிலேயே எறிந்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் கீழ் வரியில் ஒரு பெயர். கூட்டி அள்ளுகிறது என் வேலை.

மச்சாள் கடைப்பக்கம் வரவில்லை. ரோட்டில் கூடையோடு போவாள். நான் "என்ன மச்சாள், இடியப்பம் விலை கூட்டியாச்சாமே" என்று எதையாவது கத்துவேன். தலையை மட்டும் ஆட்டுவாள். நத்தார் போய், பொங்கல் போய், சித்திரை வருசமும் போனது.

மறுபடி ஆவணி மாதம் பிறந்த கிழமை அவள் படியேறி வந்தாள். ஒரு சாக்குப் பையை மேசையில் வைத்தாள்.

"பச்சையரிசி அஞ்சு கிலோ போடு. பருப்பு ரெண்டு. சக்கரை, பயறு. கற்பூரம் ஒரு பெட்டி. எள்ளு."

எள் என்றதும் என் கை நின்றது. எங்கள் பக்கத்தில் எள்ளோடு சேர்த்து அரிசி வாங்குகிறது ஒரு காரியத்துக்குத்தான்.

"ஆருக்கு மச்சாள்?"

"அவனுக்கு. அமுது குடுக்கப்போறன்."

அமுது என்றால் செத்தவர் பெயரில் படைத்துச் சனத்துக்குச் சோறு போடுகிறது. நான் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "என்ன நாள்?"

"பூரணை கழிஞ்சு மூணாம் நாள்."

"ஐயர் சொன்ன நாளா?"

"ஐயர் செத்த நாளக் கேட்டவர். தெரியாட்டி அமாவாசையில செய்யலாம் எண்டும் சொன்னவர். ஊரில நாள் தெரியாத எல்லாரோடயும் அவனையும் சேத்துவிட எனக்கு மனம் வரல்ல மச்சான். யோசிச்சுப் பாத்தன். போன ஆவணியில உன்ட கடையில சவுக்காரம் எடுத்து வைக்கும் வரைக்கும் எனக்கு அவன் இரிந்தான். மறுகா இல்ல. வேற நாள் எனக்குத் தெரியா."

நான் எள்ளை நிறுத்தேன். கொட்டிவிட்டுத் திரும்ப நிறுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை, இடியப்பக் காசைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தாள். படியிறங்குகிற நேரம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பன் முறையில நீதான் இரிக்காய். நீதான் தண்ணிக்குள்ள இறங்கணும். வெள்ளன வந்திடு. சவரம் எடுத்திட்டு வா, பேய் மாதிரி வராத."

சவரம் எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் ஐயர் தர்ப்பை மோதிரம் முடிந்து தந்தார். என் விரல் தடிப்பு, இரண்டு தரம் அறுந்தது. வேறு நாள் என்றால் அதை வைத்து அரைமணி நேரம் பகிடி விட்டிருப்பேன். ஐயர் என்ன முறை என்று கேட்டார். சித்தப்பன் என்றேன். பெயரைக் கேட்டார். எத்தனை துண்டில் எத்தனை தடவை விரல் வைத்துக் காட்டிய பெயர். தமிழில் வாய்விட்டுச் சொன்னேன்.

பிண்டத்தை இலையில் ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன். ஆவணியில் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும், ஆற்றுத் தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை, அப்படியே தேங்கி நிற்கும். எனக்கு அது தெரியாததா. இலையை மெல்ல விட்டேன். போகவில்லை. கையால் தண்ணீரைத் தள்ளினேன். ஒரு முழம் போய், மெல்லச் சுற்றி, திரும்பி என் வயிற்றில் வந்து முட்டியது. திரும்பத் தள்ளினேன். திரும்பவும் வந்தது. ஐயர் "போதும், வாங்கோ" என்றார். என்னால் விட்டுவிட்டுத் திரும்ப முடியவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளித் தள்ளிக்கொண்டே நின்றேன்.

"விடு மச்சான்" என்றாள் மச்சாள் கரையிலிருந்து. "தள்ளாத. நிக்கட்டும்."